ஸ்டார்டியூ வேலி முதல் ஆண்டு: பூவாளியைக் கீழே வைப்பது எப்படி?

ஸ்டார்டியூ வேலி என்ற பண்ணை வீடியோ கேமை விளையாடுகிறவர்களிடம் "பண்ணை எப்படிப் போகிறது?" என்று கேட்டால், கையில் எவ்வளவு காசு இருக்கிறது என்று சொல்வார்கள். நான் இன்னொன்றையும் கேட்பேன்: காலை வேலை எத்தனை மணிக்கு முடிகிறது? 6 மணிக்கு எழுந்து பூவாளியோடு சுற்றிவிட்டு நிமிரும்போது 11 மணி, தெம்புப் பட்டையும் பாதிக்குக் கீழே என்றால், எவ்வளவு காசு இருந்தாலும் பண்ணைதான் உங்களை மேய்க்கிறது. 7 மணிக்குள் வீட்டு வாசலைத் தாண்டிவிட்டால் மீதி நாள் முழுக்க உங்களுடையது.

எரிக் பரோன் என்ற ஒரே ஆள் நாலரை வருடம் உட்கார்ந்து செய்து, 2016 பிப்ரவரி 26 அன்று வெளியிட்ட கேம் இது. ஓவியம், இசை, நிரல், வசனம் எல்லாம் அவரே. 1996-இல் வந்த ஹார்வெஸ்ட் மூன் என்ற ஜப்பானியப் பண்ணை கேமின் வாசனை இதில் பலமாகவே அடிக்கும். பார்க்கச் சாதுவான கேம். ஆனால் உள்ளே ஒரு கறாரான கணக்கு ஓடிக்கொண்டிருக்கிறது. கேமில் 10 நிமிடம் நகர நிஜத்தில் 7 நொடி ஆகும். காலை 6 முதல் இரவு 2 வரையான ஒரு நாள், நமக்குச் சுமார் 14 நிமிடம். ஒரு பருவத்துக்கு 28 நாள், வருடத்துக்கு 4 பருவம். தொடக்கத்தில் தெம்பு 270. மண்வெட்டியோ பூவாளியோ ஒருமுறை வீசினால் 2 போய்விடும்.

இந்த எண்களைச் சேர்த்துப் பாருங்கள். 100 குழி கொத்த 200 தெம்பு, அதே 100 குழிக்குத் தண்ணீர் ஊற்ற இன்னொரு 200. ஒரு நாளில் முடியாது. "நிறைய நட்டால் நிறையக் காசு" என்று நினைத்து இறங்குகிறவர்கள் முதல் வாரத்திலேயே சோர்ந்து கேமை மூடிவைப்பது இதனால்தான்.

எந்த நிலத்தைத் தேர்ந்தெடுப்பது?

முதல் முறை என்றால் சாதாரணப் பண்ணையையே எடுங்கள். அதில்தான் உழுவதற்கான இடம் அதிகம். கடற்கரைப் பண்ணை படத்தில் கண்ணைப் பறிக்கும், ஆனால் அதன் மணலில் பெரும்பாலான இடங்களில் ஸ்பிரிங்க்ளர் (தானாகத் தண்ணீர் தெளிக்கும் கருவி) வைக்க முடியாது. இந்த வழிகாட்டி முழுக்க ஸ்பிரிங்க்ளரை நம்பித்தான் நிற்கிறது. ஆகவே அதை இரண்டாம் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.

படி 1: முதல் ஐந்து நாள்

கையில் 500 காசும் 15 பார்ஸ்னிப் விதையும் தருவார்கள். பார்ஸ்னிப் என்பது வெள்ளைக் கேரட் மாதிரி ஒரு கிழங்கு. வீட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பாத்தி கட்டி 15-ஐயும் நட்டுத் தண்ணீர் விடுங்கள். பண்ணை முழுவதையும் சுத்தம் செய்யும் ஆசை வரும், அடக்கிக்கொள்ளுங்கள். மரம் வெட்டி 50 கட்டை சேர்த்து ஒரு பெட்டி செய்தால் போதும். பிறகு ஊருக்குள் போய் பியேர் கடையில் கொஞ்சம் உருளைக்கிழங்கு விதை வாங்கலாம். கடை 9 மணிக்குத் திறக்கும், 5 மணிக்கு மூடும், புதன்கிழமை விடுமுறை. அந்தப் புதன் எல்லோரையும் ஒருமுறையாவது ஏமாற்றும்.

2-ஆம் நாள் கடற்கரைக்குப் போனால் மீனவர் வில்லி ஒரு தூண்டில் தருவார். 3-ஆம் நாள் முதல் ஆண்டில் எப்போதும் மழைதான். தண்ணீர் ஊற்ற வேண்டாம், பியேர் கடையும் கிடையாது. முழு நாளும் மீன் பிடியுங்கள் என்று கேமே சொல்வதுபோல இருக்கும்.

தொடக்கத்தில் எரிச்சல் தருவதில் முதலிடம் மீன்பிடித்தலுக்குத்தான். பச்சைப் பட்டைக்குள் மீனை வைத்திருக்க வேண்டும், அது துள்ளும். பொத்தானை அழுத்திப் பிடிக்காதீர்கள், தட்டித் தட்டி விடுங்கள். பட்டைக்கு ஒரு வேகம் உண்டு. அழுத்தினால் மெல்லக் கிளம்பும், விட்டாலும் உடனே நிற்காது. மீனைத் துரத்துவதைவிட அது போகும் திசையில் ஒரு தட்டு முன்னதாகத் தட்டினால் பிடிபடும். தூண்டிலைக் கரையிலிருந்து எட்டுகிற வரை வீசுங்கள், ஆழத்தில் தரமான மீன் சிக்கும். நீரில் குமிழி தெரியும் இடத்தில் மீன் சீக்கிரம் கடிக்கும். அப்படியும் கைவரவில்லை என்றால் வில்லியிடம் 25 காசுக்குப் பயிற்சித் தூண்டில் கிடைக்கும். சாதாரண மீன்தான் மாட்டும், ஆனால் பட்டை பெரிதாக இருக்கும். லெவல் ஏற ஏற பட்டை தானாகவே நீளும் என்பதால் முதல் 10 மீனை வைத்து உங்கள் திறமையை எடைபோடாதீர்கள். தொடுதிரையில் விளையாடுகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் பொறுமை வேண்டும்.

5-ஆம் நாள் காலை பார்ஸ்னிப் அறுவடை. 15-ஐயும் அறுத்தால் விவசாய லெவல் 1 வந்துவிடும். சோளக்கொல்லை பொம்மை செய்யும் வழி அப்போது கிடைக்கும் (50 கட்டை, 1 கரி, 20 நார்). சுற்றிலும் 8 கட்ட தூரத்துக்கு அது காக்கையைத் தடுக்கும். பயிர் 15-க்கு மேல் போகும்போது பொம்மை இல்லாமல் இருக்காதீர்கள். அப்புறம், ஒரு பார்ஸ்னிப்பை விற்காமல் பெட்டியில் போட்டு வையுங்கள். காரணம் படி 4-இல் வருகிறது.

படி 2: எதை நடுவது? 28-இல் கழியுங்கள்

பருவம் மாறினால் அந்தப் பருவத்துப் பயிர் ஒரே இரவில் கருகிவிடும். ஆகவே ஒவ்வொரு விதையும் வாங்கும் முன் ஒரு கழித்தல் கணக்கு: 28-இலிருந்து வளரும் நாளைக் கழித்தால் வருவதுதான் நடுவதற்கான கடைசித் தேதி. காலிஃபிளவருக்கு 12 நாள், எனவே 16-ஆம் தேதிக்குப் பிறகு வேண்டாம். உருளைக்கு 6 நாள், 22 வரை நடலாம். ஒரு நாள் தண்ணீர் விட மறந்தாலும் கணக்கு ஒரு நாள் தள்ளிப்போகும்.

வசந்தத்தில் என் தேர்வு உருளைக்கிழங்கு. விதை 50, விலை 80, சில செடிகளில் ஒன்றுக்கு மேலும் கிடைக்கும். காலிஃபிளவர் 80-க்கு வாங்கி 175-க்குப் போகும், ஆனால் பணம் 12 நாள் மண்ணுக்குள் மாட்டிக்கொள்ளும். முதல் மாதத்தில் பணம் சுழல வேண்டும். எதை நட்டாலும் ஸ்பிரிங்க்ளர் வருவதற்கு முன் 30 செடிக்கு மேல் போகாதீர்கள். மிச்சத் தெம்பு சுரங்கத்துக்கு வேண்டும்.

13-ஆம் தேதி முட்டைத் திருவிழா. அங்கே மட்டும் 100 காசுக்கு ஸ்ட்ராபெரி விதை விற்பார்கள். 8 நாளில் முதல் பழம், பிறகு 4 நாளுக்கு ஒருமுறை, பழம் 120 காசு. அன்று இரவே நட்டால் 21, 25 என்று இரண்டு அறுவடை. "அன்றே நட்டாக வேண்டும்" என்று பலர் நள்ளிரவு வரை ஓடுவார்கள், அவசியமில்லை. 16-ஆம் தேதி நட்டாலும் 24, 28 என்று அதே இரண்டுதான். இன்னொரு வழியும் உண்டு. விதையை அப்படியே பெட்டியில் வைத்து அடுத்த ஆண்டு வசந்தத்தின் முதல் நாளில் நட்டால் 9, 13, 17, 21, 25 என்று ஐந்து அறுவடை. நான் பாதியை நட்டுப் பாதியை வைத்துவிடுவேன்.

படி 3: சுரங்கமும் ஸ்பிரிங்க்ளரும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியைத்தான் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள்.

5-ஆம் நாள் வடக்கே சுரங்கம் திறக்கும். 120 தளம். 5 தளத்துக்கு ஒருமுறை லிஃப்ட் நிற்கும், அடுத்த நாள் அங்கிருந்தே இறங்கலாம். அதனால் 13-ஆம் தளத்தோடு திரும்புவது வீண், இன்னும் இரண்டு இறங்கி 15-ஐத் தொட்டுவிட்டு வாருங்கள். முதல் 39 தளம் செம்பு, 40 முதல் 79 வரை இரும்பு, 80-க்குக் கீழே தங்கம். இரவு 2 மணிக்குள் படுக்கையில் இல்லாவிட்டால் மயங்கி விழுவீர்கள், கைக்காசில் ஒரு பங்கு போகும். நள்ளிரவு தாண்டிப் படுத்தாலே மறுநாள் தெம்பு குறைவாகத்தான் ஏறும். அதனால் இரவு 11 மணிக்கெல்லாம் சுரங்கத்தை விட்டு ஏறிவிடுவது நல்லது.

எந்த நாளில் போவது? காலையில் டிவியைப் போடுங்கள். ஒரு சேனலில் நாளைய வானிலை, இன்னொன்றில் இன்றைய ராசிபலன். ராசி நன்றாக இருந்தாலோ மழை பெய்தாலோ அது சுரங்க நாள். தின்பதற்கு வசந்தத்தில் தெற்குக் காட்டோரம் முளைக்கும் வெங்காயத்தாள் போதும், காசு செலவில்லை.

சுரங்கத்தில் பாறை எல்லாவற்றையும் உடைப்பது புதியவர்கள் செய்யும் தவறு. இறங்கும் ஏணி ஏதோ ஒரு பாறைக்கடியில் இருக்கும், அரக்கர்களைக் கொன்றாலும் சில சமயம் வரும். ஏணி தெரிந்ததும் தாதுவை மட்டும் எடுத்துக்கொண்டு இறங்குங்கள். முதல் இலக்கு 40, அடுத்தது 80.

செம்புத் தாது கிடைத்த மறுநாள் கொல்லர் கிளிண்ட் வந்து உலை செய்யக் கற்றுத்தருவார். 5 தாதுவும் 1 கரியும் போட்டால் ஒரு கட்டி. தாதுவைவிடக் கரிதான் முதலில் தீரும். 40-க்குக் கீழே தத்தித் தத்தி வரும் கருப்புத் தூசிப் பூச்சிகளை அடித்தால் கரி நிறைய விழும். ஒரு நாளை அதற்கென்றே ஒதுக்கினாலும் தப்பில்லை.

இப்போது ஸ்பிரிங்க்ளர். விவசாய லெவல் 2-இல் வரும் சாதா ஸ்பிரிங்க்ளர் 4 கட்டத்துக்குத்தான் தண்ணீர் விடும். செம்பையும் இரும்பையும் அதில் அதிகம் கரைக்காதீர்கள். லெவல் 6-இல் வரும் குவாலிட்டி ஸ்பிரிங்க்ளர்தான் ஆட்டத்தை மாற்றுவது. தன்னைச் சுற்றி 8 கட்டத்தையும் நனைக்கும். ஒன்றுக்கு 1 இரும்புக் கட்டி, 1 தங்கக் கட்டி, 1 சுத்திகரித்த குவார்ட்ஸ். 12 செய்ய 60 இரும்புத் தாது, 60 தங்கத் தாது, 12 குவார்ட்ஸ், உருக்க 36 கரி. 96 செடிக்கு இனி நீங்கள் தண்ணீர் ஊற்ற வேண்டாம். காலை வேலை 11 மணியிலிருந்து 7 மணிக்கு இறங்குவது இந்த இடத்தில்தான். லெவல் 9-இல் வரும் இரிடியம் ஸ்பிரிங்க்ளர் 24 கட்டம் நனைக்கும், அதைப் பற்றி இரண்டாம் ஆண்டில் யோசிக்கலாம்.

ஒன்றை மறக்காதீர்கள். ஸ்பிரிங்க்ளர் காலையில் மட்டும்தான் தண்ணீர் தெளிக்கும். மதியம் நட்ட விதைக்கு அன்று நீங்கள்தான் பூவாளி எடுக்க வேண்டும். "ஸ்பிரிங்க்ளர் இருக்கிறதே" என்று நம்பி ஒரு முழுப் பாத்தியையும் ஒரு நாள் காயப்போட்டிருக்கிறேன். பருவக் கடைசியில் அந்த ஒரு நாள்தான் உதைத்தது.

கருவிகளை மேம்படுத்துவதிலும் இதே கண்ணோட்டம்தான். முதலில் பிக்காசு. செம்புக்கு மாற்ற 2000 காசும் 5 செம்புக் கட்டியும், அடுத்து இரும்புக்கு 5000 காசும் 5 இரும்புக் கட்டியும். பூவாளியை ஒருமுறை செம்புக்கு மாற்றினால் போதும், ஒரே வீச்சில் 3 கட்டம் நனையும். அதற்கு மேல் அதில் போடும் காசு, கொஞ்ச நாளில் மூலையில் கிடக்கப்போகும் கருவிக்குப் போடும் காசு. கருவியைக் கொடுத்தால் திரும்பி வர 2 நாள் ஆகும். அதனால் டிவி "நாளை மழை" என்று சொல்லும் நாளில் செடிகளுக்கு ஊற்றிவிட்டுப் பூவாளியைக் கிளிண்டிடம் கொடுங்கள். மறுநாள் மழை பார்த்துக்கொள்ளும், அதற்கடுத்த நாள் 9 மணிக்குப் போய் வாங்கி வந்து ஊற்றலாம்.

படி 4: பாழடைந்த சமுதாயக் கூடம்

5-ஆம் நாளோ அதற்குப் பிறகோ மழையில்லாத ஒரு காலையில் பேருந்து நிறுத்தம் வழியாக ஊருக்குள் நுழைந்தால் மேயர் லூயிஸ் உங்களைப் பழைய கூடத்துக்குக் கூட்டிப் போவார். அங்கே கட்டுக் கட்டாகக் கேட்கும் பொருட்களைக் கொடுத்தால் ஊரில் ஒவ்வொன்றாகச் சரியாகும். 5000 காசு கட்டி ஜோஜா என்ற பெரிய கடையில் உறுப்பினராகி இதையெல்லாம் பணத்தாலேயே முடிக்கும் குறுக்குவழியும் உண்டு. முதல் ஆட்டத்தில் அதைத் தொடாதீர்கள், கேமின் பாதி சுவை இங்கேதான்.

விதி ஒன்றுதான்: எந்தப் பயிர், மீன், காட்டுப்பொருள் முதன்முதலில் கிடைத்தாலும் ஒன்றை எடுத்துப் பெட்டியில் வை, மீதியை விற்றுக்கொள். பருவம் போனால் அடுத்த வருடம்தான் என்பதால் இந்தப் பழக்கம் ஒரு முழு ஆண்டை மிச்சப்படுத்தும்.

கூடத்தின் அறைகளில் முதல் குறி சரக்கறை. அதை முடித்தால் கண்ணாடிக் குடில் கிடைக்கும், அதற்குள் எந்தப் பருவத்திலும் எதையும் வளர்க்கலாம். அங்கே கேட்கும் பயிர்கள்: வசந்தத்துக்குப் பார்ஸ்னிப், அவரை, காலிஃபிளவர், உருளை. கோடைக்குத் தக்காளி, மிளகாய், ப்ளூபெரி, முலாம்பழம். இலையுதிர் பருவத்துக்குச் சோளம், கத்தரிக்காய், பூசணி, சேனை. இவற்றோடு பார்ஸ்னிப், முலாம்பழம், பூசணி, சோளம் நான்கில் மூன்று வகையில், தங்க நட்சத்திரத் தரத்தில் தலா 5 கேட்பார்கள். நடுவதற்கு முன் மண்ணில் உரம் போட்டால் தங்கத் தரம் வர வாய்ப்பு கூடும். மரப்பால் 2 இருந்தால் ஓர் உரம்.

சரக்கறையில் பலர் தடுக்கி விழுவது பயிரில் அல்ல, கடைசிக் கட்டுகளில். கால்நடைக் கட்டுக்குப் பெரிய முட்டை, பெரிய பால், கம்பளி போன்றவை வேண்டும், அதாவது கோழிக்கூடும் மாட்டுக்கொட்டிலும் இரண்டுமே கட்டியாக வேண்டும். கைவினைக் கட்டு 12 பொருளில் 6 கேட்கும், அதில் பாதி மரப்பழங்கள். பழமரம் வளர 28 நாள் ஆகும். ஆனால் மொத்த வருமானம் 25,000-ஐத் தொட்டதும் ஊர் விஞ்ஞானி டெமிட்ரியஸ் வந்து உங்கள் பண்ணைக் குகையில் காளான் வேண்டுமா வௌவால் வேண்டுமா என்று கேட்பார். வௌவால் என்று சொன்னால் அது பழங்களைக் கொண்டுவந்து போடும். குடிலைச் சீக்கிரம் பிடிக்க நினைக்கிறவர்களுக்கு வௌவால்தான்.

சரக்கறைக்கு வெளியே கூடம் கேட்பதில் ஒரு பொறி: சிவப்பு முட்டைக்கோஸ். பியேர் அதன் விதையை இரண்டாம் ஆண்டில்தான் விற்பார். வெள்ளியும் ஞாயிறும் காட்டின் வடக்கே நிற்கும் வண்டிக்காரியிடம் எப்போதாவது வரும், எட்டிப் பாருங்கள்.

படி 5: கோடையும் இலையுதிரும்

கோடையின் முதல் நாள் கையிலிருக்கும் காசு முழுவதும் விதையாக வேண்டும். அதனால் வசந்தத்தின் கடைசி வாரத்தில் பெரிய செலவு எதுவும் வேண்டாம். முதல் நாளில் நட்ட ப்ளூபெரி 14, 18, 22, 26 என்று நான்கு முறை, முறைக்கு மூன்று பழம் தரும். பழம் 50 என்றால் செடிக்கு 600, விதைச் செலவு 80. முலாம்பழத்துக்கு விலை அதிகம், ஆனால் ஒரு தடவை பறித்ததும் செடி போய்விடும், மறுபடி நட வேண்டும். இலையுதிரில் கிரான்பெரி இதே வேலையைச் செய்யும்: விதை 240, ஆனால் 8-ஆம் தேதியிலிருந்து ஐந்து அறுவடை, செடிக்கு 750. திரும்பத் திரும்பக் காய்ப்பவை காலை நேரத்தையும் தின்பதில்லை.

விவசாய லெவல் 5-இல் பயிர் விலையை 10 சதவீதம் கூட்டும் பாதையையும், 10-இல் கைவினைப் பொருளுக்கு 40 சதவீதம் கூட்டும் பாதையையும் எடுங்கள். மற்றவை தவறு என்று சொல்லமாட்டேன், ஆனால் அடுத்த படி இதைத்தான் நம்பியிருக்கிறது.

படி 6: கோழி, மாடு

சுருக்கமாக: எந்தக் கூடும் கட்டுவதற்கு முன் சைலோ கட்டுங்கள் (100 காசு, 100 கல், 10 களிமண், 5 செம்புக் கட்டி). சைலோ இருந்தால் அரிவாளால் அறுக்கும் புல்லில் பாதியளவு தானாக வைக்கோலாகச் சேரும். இல்லாவிட்டால் அத்தனை புல்லும் காற்றோடு போகும். நான் முதல் ஆட்டத்தில் பண்ணை "சுத்தமாக" இருக்க வேண்டும் என்று ஒரு புல் விடாமல் அறுத்துத் தள்ளினேன். குளிர்காலம் முழுக்கக் கால்நடை விற்கும் மார்னியிடம் ஒரு கட்டு 50 காசுக்கு வைக்கோல் வாங்கினேன்.

படி 7: அறுத்ததை அப்படியே விற்காதீர்கள்

ஜாம் ஜாடி லெவல் 4-இல் வரும். பழத்தின் அடிப்படை விலையை இரண்டு மடங்காக்கி 50 சேர்க்கும், இரண்டு மூன்று நாளில் தயார். பீப்பாய் லெவல் 8-இல், பழத்தை ஒயினாக்கி மூன்று மடங்கு தரும், ஒரு வாரம் ஆகும். 50 காசுப் பழத்துக்கு இரண்டும் 150-தான், ஜாடி வேகம் என்பதால் ப்ளூபெரி ஜாடிக்கு. பாலைவனக் கடையில் 400 காசுக்கு விதை கிடைக்கும் ஸ்டார்ஃப்ரூட் 750-க்குப் போவது, பீப்பாயில் 2250 ஆகும், 40 சதவீதம் சேர்ந்தால் 3150. பீப்பாயோ ஜாடியோ உள்ளே போகும் பழத்தின் தரத்தைப் பார்ப்பதில்லை. தங்க நட்சத்திரப் பழத்தை நேராக விற்றுவிட்டு, நட்சத்திரம் இல்லாததை உள்ளே போடுங்கள்.

பீப்பாய்க்கு ஓக் மரப்பிசின் வேண்டும், அது ஊற ஒரு வாரம் போல ஆகும். ஆகவே லெவல் 8 வருவதற்கு முன்பே ஓக் மரங்களில் பிசின் குழாய் பொருத்தி வைத்துவிடுங்கள். கடைசி நேரத்தில் எதற்காகவாவது காத்துக் கிடப்போம் என்றால் அது இந்தப் பிசினுக்காகத்தான்.

குளிர்காலம்

வெளியே வழக்கமான பயிர் எதுவும் வளராது. புதிதாக வந்தவர்கள் இந்த 28 நாளைத் தூங்கியே கடத்துவார்கள், பாவம். பூவாளியே தொட வேண்டாத பருவம் இது ஒன்றுதான். சுரங்கத்தில் 120-ஐத் தொடுங்கள். எல்லாக் கருவியையும் ஒவ்வொன்றாகக் கிளிண்டிடம் கொடுத்து வாங்குங்கள், எதுவும் தடைபடாது. தங்கத்தை ஸ்பிரிங்க்ளராக மாற்றிப் பெட்டியில் அடுக்குங்கள். ஊர்க்காரர்களுக்கு வாரத்துக்கு இரண்டு பரிசு கொடுக்கலாம், பிறந்தநாளில் கொடுத்தால் எட்டு மடங்கு நட்பு. மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்தில், பண்ணையை விட்டுச்சென்ற தாத்தா ஆவியாக வந்து மதிப்பெண் போடுவாரே என்று பதறாதீர்கள், ஒரு வைரம் வைத்தால் மறுபடி வந்து பார்ப்பார்.

ஒரு நாள் கெட்டுப்போனால், தூங்காமல் வெளியேறி அதே நாளைத் திரும்ப ஆடலாம், தூங்கும்போதுதான் கேம் சேமிக்கும். ஏமாற்று என்று சிலர் சொல்வார்கள். தனியாக ஆடும் பண்ணையில் யாரை ஏமாற்றுகிறோம்?

28-ஆம் தேதி இரவு, நாளை பாத்தி எங்கே என்று குறித்து ஸ்பிரிங்க்ளர்களை அதன்படி வைத்துவிட்டுப் படுங்கள். காலையில் பெட்டியைத் திறந்தால், முட்டைத் திருவிழாவில் வாங்கி மறந்துபோன ஸ்ட்ராபெரி விதை இருக்கும். கொத்தி, நட்டு, அன்றைக்கு மட்டும் பூவாளியை எடுங்கள்.